ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

இசை நிகழ்ச்சி நடத்தும் பெருமக்களே, உங்களை யாரும் வாய்விட்டுப் பாராட்டுவதில்லை. நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் பாடியவருக்குக் கைத்தட்டல். கெட்டுப்போனால் உங்களுக்குத் திட்டு. இது நியாயமில்லை. வெறும் மைதானத்தில் இரும்புச் சட்டங்களை முடுக்கி மேடை எழுப்புகிறீர்கள். ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கடுக்காக அந்தரத்தில் தொங்கவிடுகிறீர்கள். ஜெனரேட்டர், விளக்கு, எல்ஈடி திரை, கேமரா கிரேன் எல்லாம் வந்து இறங்குகின்றன. மூன்று மணி நேரம் இசை நடக்கிறது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எல்லாம் லாரியில் ஏறிப் போய்விடுகிறது. கல்யாணப் பந்தல் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று. இந்தப் பாராட்டில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

முதலில் உங்கள் விற்பனைத் திறமை. எங்கள் வால்பாறையில், தேயிலை எஸ்டேட் லயன் வீட்டில் குடியிருக்கும் ஒரு தம்பிக்கு நீங்கள் டிக்கெட் விற்றீர்கள். கைபேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் அவன் லயனை விட்டுச் சாலை மேட்டுக்கு ஏறி வர வேண்டும். அந்த மேடு வரைக்கும் உங்கள் விளம்பரம் வந்து அவனைக் கண்டுபிடித்தது. அவன் அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். அவன் பஜாரில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கிறான். சர்ச் கொயரில் கிதார் கற்றுக்கொண்டவன். ராக் இசைக் கலைஞர் ஒருவரை அவனுக்கு உயிருக்கு உயிராகப் பிடிக்கும். அவர் பாட்டில் எந்த இடத்தில் கிதார் கம்பியை இழுத்து வளைக்கிறார் என்பதை விரலோடு பாடம் பண்ணி வைத்திருக்கிறான். அந்தக் கலைஞர் கோவையில் வாசிக்கப் போகிறார் என்றதும் அவன் தூங்கவில்லை.

சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று டிக்கெட்டில் படிகள் வைத்திருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நிகழ்ச்சிக்கு முன்பு கலைஞரை நேரில் பார்க்கும் ‘மீட் அண்ட் கிரீட்’ பாஸ். அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணமும் அவன் சம்பளமும் சேர்ந்து அந்தப் பாஸாக ஆனது. விலைக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதற்கு மேல் இணையதளத்தின் வசதிக் கட்டணம், எல்லாம் பைசா பிசகாமல் கணக்கில் ஏறின. அந்தக் கணக்கில் யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மலைமேல் இருக்கும் ஒரு பையனின் ஆசையை அளந்து, அவன் தாங்கக்கூடிய கடைசி ரூபாய் எது என்று கண்டுபிடித்து, அதற்குச் சரியாக ஒரு பாஸ் தயாரித்த அறிவை நான் மெச்சுகிறேன்.

பையனைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. “நீங்களும் கூடப் போயிட்டு வாங்க தம்பி, இவனுக்குப் பாட்டுக் கேட்டா கை கால் புரியாது” என்று என்னிடம் சொன்னார். அதனால் நானும் போனேன். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். அட்டகட்டி தாண்டி ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு பொள்ளாச்சியிலிருந்து கோவை உக்கடம். பையன் வழியெல்லாம் ஒரு பையை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். அதில் அரைக் கிலோ தேயிலைத் தூள். கலைஞருக்குக் கொடுக்க அம்மா கொடுத்துவிட்டது.

நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் மூன்றரைக்கே போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தலைக்கு மேல் நிழல் இல்லை. கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைக் கேட்டிலேயே வாங்கிப் போட்டுவிட்டார்கள். கழிப்பறை உள்ளேதான் இருக்கிறது, கேட் திறந்த பிறகுதான் போகலாம் என்றார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு அம்மா பக்கத்து டீக்கடைக்காரரிடம் கெஞ்சி வெந்நீர் வாங்கிவந்தார். ஐந்தாயிற்று, ஐந்தரை ஆயிற்று. எதற்காகத் தாமதம், இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. கறுப்புச் சட்டை பவுன்சர்கள் மட்டும் வந்து, “லைன் கலையாம நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நேரத்தில் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சவுண்ட் செக் தொடங்கியது. டிரம்ஸ்காரர் கிக் டிரம்மை மட்டும் திரும்பத் திரும்ப மிதித்தார். பிறகு ஸ்நேர், பிறகு பேஸ் கிதார். ஒவ்வொரு கருவியாக வாசிக்கச் சொல்லி ஒலிப் பொறியாளர் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் நிற்பவருக்குக் காதுக்குள் கேட்கும் மானிட்டரில் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார்கள். கிதாரில் நாலே ஸ்வரம் விழுந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணா, இது அந்தப் பாட்டு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற பிட்டுண்ணா. ரெக்கார்டுல இருக்கறத விட அரை ஸ்வரம் கீழ வெச்சிருக்காரு.” அவன் சொன்னது சரி. வெயிலில், தண்ணீர் இல்லாமல், தகரத்துக்கு வெளியே நின்றுகொண்டு அரை ஸ்வரத்தைக் கண்டுபிடிக்கும் ரசிகன் உங்களுக்குக் கிடைத்திருக்கிறான்.

ஆறே காலுக்கு உள்ளே விட்டார்கள். கைபேசியை வாங்கி ஒரு கவரில் போட்டு எண் கொடுத்தார்கள். ஸ்பான்சர் பெயர்கள் அச்சிட்ட துணித் திரை ஒன்று. தரையில் டேப்பால் ஒட்டிய குறி. அதன்மேல் நிற்க வேண்டும். கலைஞர் நடுவில் நின்றார். வலப்பக்கம் ஒருவர் தோளைத் தொட்டு உள்ளே தள்ள, இடப்பக்கம் ஒருவர் தோளைத் தொட்டு வெளியே இழுக்க, நடுவில் ஒரு கேமரா மின்னியது. தேயிலைப் பையைத் திரைக்கு முன்பே வாங்கி, வேறு பொட்டலங்கள் குவிந்திருந்த மேஜைமேல் வைத்துவிட்டார்கள். “குடுத்துருவோம், போங்க” என்றார் மேஜைக்காரர். கலைஞர் நல்லவர். பையன் முகத்தைப் பார்த்து, “எந்த ஊருப்பா?” என்று கேட்டார். “வால்பாறைங்க” என்றான். “அடேங்கப்பா, அவ்வளவு தூரத்துல இருந்தா…” என்று அவர் தொடங்கும்போதே இடப்பக்கத்துக்காரர் பையனை வெளியே எடுத்துவிட்டார். கிதாரைப் பற்றிக் கேட்க அவன் ஒரு கேள்வி வைத்திருந்தான். அதைத் திரைக்கு வெளியே என்னிடம் சொன்னான்.

இவ்வளவுக்கும் அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. “பாத்துட்டேன்ணா, பேசிட்டேன்ணா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அன்று இரவு பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் மலையேறும் முதல் வண்டிக்காகச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் அதே பேச்சு. உங்கள் சாதனைகளில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். ஒருவனிடம் பல நாள் கூலியை வாங்கிக்கொண்டு, வெயிலில் நிற்க வைத்து, சில நொடி கொடுத்து, அதற்கும் அவன் உங்களுக்கு நன்றி சொல்லும்படி செய்திருக்கிறீர்கள். காசு கொடுத்த மனிதன் ஹோட்டலில் இட்லி ஆறிப்போனால் கேட்கிறான். பஸ்ஸில் சில்லறை குறைந்தால் கேட்கிறான். உங்கள் வாசலில் மட்டும் கேட்பதில்லை. அவன் பொறுமை அந்தக் கலைஞரிடம் வைத்த அன்பிலிருந்து வருகிறது. நீங்கள் முதலீடே போடாமல் அனுபவிக்கும் சொத்து அது.

உங்கள் அடுத்த திறமையை அதே மாலையில் கண்ணால் பார்த்தேன். நாங்கள் நின்ற வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வழி இருந்தது. அங்கே கார்கள் வந்து நின்றன. கார் கதவைத் திறக்க ஒரு ஆள், குடையோடு ஒரு ஆள், பெயர்ப்பட்டியலோடு ஒரு ஆள், இருக்கை வரை கூட்டிப்போக ஒரு ஆள். காரிலிருந்து இறங்கியவர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. குடிக்கத் தண்ணீர் அவருக்கு முன்பே இருக்கைக்குப் போயிருந்தது. அவருக்கு எந்தக் கேட், எந்த வரிசை, எந்த நேரம் என்று எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. மனிதர்களை மரியாதையோடு, நெரிசல் இல்லாமல், சொன்ன நேரத்தில் உள்ளே கொண்டுபோவது எப்படி என்பது உங்களுக்கு அத்துப்படி. உலகத்தில் எந்தக் கூட்ட மேலாண்மை நிபுணரும் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தர வேண்டியதில்லை. இதை நேரில் பார்த்தவன் என்பதால், ‘அவர்களுக்கு அனுபவம் போதாது’ என்று யாராவது உங்களைக் குறை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியை நாடே பேசியது. ஆகஸ்ட் 12-இல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய் அன்றைக்கு நடந்தது. ‘ரோஜா’விலிருந்து அவர் தந்த முப்பது ஆண்டுப் பாட்டையும் மனசில் சுமந்துகொண்டு குடும்பம் குடும்பமாக ஜனம் வந்தது. கையில் டிக்கெட்டோடு வந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். உயர்ந்த விலை டிக்கெட் வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். நெரிசலில் பிள்ளைகளைத் தவறவிட்டுத் தேடியவர்கள் உண்டு. சீண்டலுக்கு ஆளானதாகப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். போக்குவரத்து முடங்கி, அந்த வழியில் வந்த முதலமைச்சரின் வாகனமும் சிக்கிக்கொண்டது செய்தியானது. நிகழ்ச்சியை நடத்திய ஏசிடிசி ஈவென்ட்ஸ் நிறுவனம் பொறுப்பு தன்னுடையதே என்று சொல்லி மன்னிப்புக் கேட்டது. போலீஸ் விசாரணை வந்தது.

அன்றைக்கும் ஒரு திறமை பிசகவில்லை. விற்பனை ஒழுங்காக நடந்திருந்தது. டிக்கெட் ஒவ்வொன்றிலும் குறியீடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் எந்தக் கேட்டில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்பது நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். இப்படி ஒரு வசதி கோயில் திருவிழா நடத்தும் தர்மகர்த்தாவுக்குக் கிடையாது. தேர்தல் கூட்டம் நடத்தும் கட்சிக்காரருக்கும் கிடையாது. எத்தனை பேர் வருவார்கள் என்று நிகழ்ச்சிக்குப் பல வாரம் முன்பே, பெயரோடும் கைபேசி எண்ணோடும் தெரிந்துவைத்திருக்கும் தொழில் உங்களுடையது. ஆகவே கூட்டம் எதிர்பாராமல் வந்துவிட்டது என்று உங்களில் எவராவது சொன்னால், அது உங்கள் கெட்டிக்காரத்தனத்துக்கு நீங்களே செய்யும் அவமரியாதை.

உங்கள் ஆவணங்களும் அருமை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் கூட்டங்களைக் கையாள்வது பற்றி ஒரு முழுக் கையேடு வெளியிட்டது. இடத்தின் கொள்ளளவு என்ன, நுழைவு வழி எத்தனை, வெளியேறும் வழி எத்தனை, அவசரத்தில் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும், அறிவிப்பு எப்படிச் செய்வது எல்லாம் அதில் இருக்கிறது. அனுமதி கேட்டு நீங்கள் தரும் மனுவிலும் இவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வையார் அவன் ஆயுதச் சாலையைப் பார்த்துப் புகழ்ந்ததைப் புறநானூறு வைத்திருக்கிறது. தொண்டைமானின் வேல்கள் நெய் பூசி, பீலி சுற்றி, காவலுக்கு நடுவே பளபளத்தன. அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடந்தன. உங்கள் பாதுகாப்புத் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆயுதச் சாலை நினைவுக்கு வருகிறது. ஒரு மடிப்புக் கலையவில்லை, ஒரு மூலை அழுக்காகவில்லை.

ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேருக்கு மேல் நெருங்கினால் ஆபத்து தொடங்குகிறது என்கிறார்கள் கூட்டத்தை ஆராய்ந்தவர்கள். ஆறேழு பேர் ஆனால் கால் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இருக்காது. கூட்டம் அலையாக நகரும், அது இழுக்கும் பக்கம் போக வேண்டியதுதான். நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டி இறக்கிறார்கள். இதற்குக் காரணம் ‘ஜனங்களின் ஒழுக்கக்கேடு’ என்று சொல்வது வழக்கம். ஆனால் பின்வரிசைக்காரருக்கு முன்வரிசையில் நடப்பது தெரியாது. கதவு திறந்துவிட்டது என்று நினைத்து அவர் ஓரடி எடுத்துவைக்கிறார். அந்த ஓரடிகள் எல்லாம் சேர்ந்து முன்னால் இருப்பவர் நெஞ்சில் போய் விழுகின்றன.

1979 டிசம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ‘தி ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நிகழ்ச்சி. தரைத் தளத்தில் இருக்கை எண் கிடையாது; முந்தி வந்தவருக்கு முன்னிடம். குளிரில் மணிக்கணக்காக நின்ற கூட்டத்துக்கு ஒரு சில கதவுகள்தான் திறந்தன. உள்ளேயிருந்து சத்தம் கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். 11 ரசிகர்கள் வாசலிலேயே செத்துப்போனார்கள். உள்ளே நிகழ்ச்சி முழுவதுமாக நடந்தது. வாசித்து முடித்து இறங்கிய பிறகுதான் குழுவினருக்கு விஷயம் சொல்லப்பட்டது.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி வழியாக இறங்கினால் கொச்சி. அங்கே குசாட் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் 2023 நவம்பர் 25-ஆம் தேதி மாலை, பாடகி நிகிதா காந்தியின் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன், கீழிறங்கும் படிக்கட்டில் நெரிசல். 4 பேர் போய்விட்டார்கள், மூன்று பேர் மாணவர்கள். நம் கொங்குப் பக்கத்திலேயே கரூரில் 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி, தங்களுக்குப் பிடித்த நடிகரைப் பார்க்க மணிக்கணக்காகக் காத்திருந்த அரசியல் கூட்டத்தில் 41 உயிர்கள் போயின. அங்கே யார் மீது எவ்வளவு தவறு என்பது விசாரணைக்கு உரியது. பார்க்க வந்தவர்கள் மீது தவறு இல்லை என்பதை மட்டும் நான் விசாரணை இல்லாமலே சொல்வேன்.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை, கலைஞர்களே. உங்கள் நேர்மையையும் பாராட்டத்தான் வேண்டும். பனையூருக்குப் பிறகு, மழை வந்துவிடக் கூடாதே என்பதுதான் தன் கவலையாக இருந்தது, வெளியே நடந்தது உள்ளே தெரியவில்லை என்று ரஹ்மான் ஒளிக்காமல் சொன்னார். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டார். எல்லோரும் விழித்துக்கொள்வதற்காகப் பலியாடு நானாகவே இருக்கட்டும் என்று எழுதினார். அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

அதே நேரத்தில், நீங்கள் எவ்வளவு கவனமானவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். காதில் கேட்கும் மானிட்டர் ஒலி ஒரு துளி கூடினால் சவுண்ட் செக்கை நிறுத்துகிறீர்கள். எந்தக் கம்பெனி ஆம்ப்ளிஃபயர், எத்தனை டவல், அறையில் என்ன சாப்பாடு என்று ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அமெரிக்க ராக் குழுவான ‘வான் ஹேலன்’ 1982 சுற்றுப்பயண ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் வைக்கும் எம் அண்ட் எம்ஸ் மிட்டாயில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதியது. பெரிய மனிதர்களின் கிறுக்கு என்று ஊர் சிரித்தது. மேடையின் எடை, மின்சாரம் பற்றிய பாதுகாப்பு விதிகள் அந்த ஒப்பந்தத்தில் ஏராளம். ஏற்பாட்டாளர் அவற்றையெல்லாம் உண்மையிலேயே படித்தாரா என்று சோதிக்கத்தான் அந்த வரி என்று அதன் பாடகர் டேவிட் லீ ராத் பிறகு விளக்கினார். கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் இருந்தால் மேடை முழுவதையும் மறுபடி சோதிப்பார்களாம். ஒரு கலைஞர் கையில் அவ்வளவு அதிகாரம் இருக்கிறது. மிட்டாய் நிறத்தை மாற்ற வைக்க முடிந்த கையெழுத்துக்கு, வாசலில் தண்ணீர்க் குடம் ஒன்றை வைக்கச் சொல்லும் சக்தியும் உண்டு.

இதெல்லாம் மேல்நாட்டில்தான் நடக்கும், நம் ஊரில் ஆகாது என்று சொல்பவர்கள் வால்பாறைக்கு வர வேண்டும். எங்கள் ஊரில் யானையும் மனிதரும் ஒரே தேயிலைக் காட்டில் நடக்கிறோம். இருட்டில் வீடு திரும்பும் தொழிலாளி, யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் உயிரை விட்டது எத்தனையோ முறை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் அந்தச் சாவுகளை ஆராய்ந்து, தெரியாமல் போய் மாட்டுவதுதான் காரணம் என்று கண்டார்கள். யானை எந்த எஸ்டேட்டில், எந்தப் பக்கம் நிற்கிறது என்று கைபேசிக்கு எஸ்எம்எஸ் அனுப்பத் தொடங்கினார்கள். பார்வையில் படும் மேடுகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால் விளக்கு எரியும். வனத்துறையும் எஸ்டேட்காரர்களும் ஊர் ஜனமும் கை கொடுத்தார்கள். சாவுகள் குறைந்தன. இந்த வேலைக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமார் 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார். தன் போக்கில் நடக்கும் காட்டு யானை எங்கே நிற்கிறது என்பதை எங்கள் லயன் வீட்டுப் பாட்டிக்குக்கூடச் சொல்லிவிட முடிந்தது. மூன்றாம் எண் கேட் நிறைந்துவிட்டது, ஐந்தாம் எண் கேட்டுக்குப் போங்கள், நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாமதம், யாரும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல உங்கள் கையில் ஒவ்வொரு ரசிகரின் எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணுக்கு அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது. தம்பிக்கு அடுத்த வாரமே வந்தது.

ஏற்பாட்டாளர்களே, இத்தனை திறமை உள்ளவர்களிடம் கேட்பதால்தான் கூசாமல் கேட்கிறேன். இடம் கொள்ளும் அளவுக்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்காதீர்கள். அந்தக் கொள்ளளவை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். காத்திருக்கும் இடத்தில் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் கேட்டுக்கு வெளியே இருக்கட்டும். தாமதம் என்றால் தாமதம் என்று சொல்லுங்கள். உள்ளே விட முடியாதவர் பணத்தை அவர் கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள். சந்திப்புக்குக் காசு வாங்கினால், ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நேரமாவது கொடுங்கள்.

கலைஞர்களே, உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: வாசலில் நிற்கும் கடைசி ரசிகர் பத்திரமாக உள்ளே வந்துவிட்டார் என்ற தகவல் என் கைக்கு வராமல் நான் மேடை ஏற மாட்டேன். சவுண்ட் செக் முடிந்ததும் பத்து நிமிடம் கேட் வரை நடந்து வந்து பாருங்கள். உங்களை யாரும் தடுக்க முடியாது.

வால்பாறைத் தம்பிகளே, உங்களிடமும் ஒன்று. பிடித்த கலைஞரைப் பார்க்கக் காத்திருப்பது அழகான காரியம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு நன்றி சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. எத்தனை பேருக்கு இடம், எத்தனை டிக்கெட் விற்றது, தண்ணீர் எங்கே, வெளியேறும் வழி எங்கே என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். விற்பனை குறைந்தால் அன்றைக்கே பதில் சொல்லும் திறமையும் இவர்களிடம் இருக்கிறது.